உனாய் எமெரி: அதே ஆள், அதே முறை, ஊருக்கு ஊர் ஏன் வேறு முடிவு?

ஸ்பானியக் கால்பந்து கோச் உனாய் எமெரி என்று பேச்சை எடுத்தாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம், 2014, 2015, 2016 என்று வரிசையாக மூன்று யூரோப்பா லீக் (ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் கோப்பை), அப்புறம் 2021இல் இன்னொன்று, அதுவும் கோடிகளைக் கொட்டி வாங்கிய அணி இல்லாமலே என்று விரல்விட்டு எண்ணும். இன்னொரு பக்கம், பார்சிலோனாவில் வாங்கிய 6-1, பாகூ நகரில் செல்சியிடம் வாங்கிய 4-1, இங்கிலீஷ் உச்சரிப்பை வைத்து ஊரே கேலி செய்த ஆர்சனல் நாட்கள் என்று ஆரம்பிக்கும். இரண்டும் நடந்ததுதான். அதனால் நடுவில் ஒரு சமாதானம் உருவாகி, அதுவே தீர்ப்பாகவும் ஆகிவிட்டது: "அவர் சின்ன கிளப் கோச், பெரிய இடம் அவருக்குச் சரிப்படாது."

எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அவர் கோச்சாக இருந்த வலென்சியா சின்ன கிளப்பா? செவில்லா சின்ன கிளப்பா? ஸ்பார்டக் மாஸ்கோ ஒன்றும் பாரிஸின் பி.எஸ்.ஜி. அளவுக்குப் பெரிய இடமில்லை, அங்கேயும் நான்கைந்து மாதத்தில் வெளியே போனார். கிளப்பின் அளவை வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. வேறொன்றை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே பொருந்துகிறது: இங்கே கடைசி வார்த்தை கோச்சுடையது என்று வீரர்களுக்குத் தெரிந்திருந்த இடத்திலெல்லாம் அவர் ஜெயித்திருக்கிறார். தெரியாத இடத்தில், அல்லது தெரிந்தும் யாரும் நம்பாத இடத்தில், அதே வேலையைச் செய்து தோற்றிருக்கிறார். கிளப் கிளப்பாக இதைப் பார்த்துவிடலாம்.

ஆட்டக்காரர் எமெரி

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் தவிர்க்கவும் முடியாது. 1971 நவம்பர் 3ஆம் தேதி ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள ஹோண்டரிபியாவில் பிறந்தவர். பிதாசோவா ஆறு கடலில் கலக்கும் இடம், எதிர்க்கரை பிரான்ஸ். தாத்தா அந்தோனியோ எமெரி பக்கத்து ஊரான இருனின் ரியல் யூனியன் அணிக்கு கோல்கீப்பர். 1929இல் ஸ்பெயினின் முதல் டிவிஷனான லா லிகா ஆரம்பித்தபோது அதன் வரலாற்றிலேயே முதல் கோல் விழுந்தது இந்தத் தாத்தா காத்த வலையில்தான், அடித்தது எஸ்பான்யோலின் பிட்டுஸ் பிராட்ஸ். அப்பா ஹுவானும் கோல்கீப்பர். இன்று அந்த ரியல் யூனியன் எமெரி குடும்பத்தின் கையில், 2021இல் வாங்கினார்கள்.

உனாய் மட்டும் வலைக்குள் நிற்கவில்லை. இடது பக்க மிட்ஃபீல்டர். ரியல் சோசியதாத் அகாடமியில் வளர்ந்தார், ஆனால் பெரிய அணிக்கு 1995-96 சீசனில் ஆடியது வெறும் 5 ஆட்டம், 1 கோல். அதோடு முதல் டிவிஷன் முடிந்தது. மிச்சமெல்லாம் இரண்டாம் டிவிஷன்: தொலேதோவில் நான்கு வருஷம், ரேசிங் ஃபெரோலில் இரண்டு, லெகானெஸில் ஒன்று. இரண்டாம் டிவிஷனில் மட்டும் 200 ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கிறார். அது சாதாரண விஷயமில்லை, ஆனால் பத்து வருஷம் கழித்து யாரும் ஞாபகம் வைத்திருக்கும் விஷயமும் இல்லை. கடைசியில் முர்சியா பகுதியில் மூன்றாம் நிலையில் இருந்த லோர்க்கா.

அங்கே முழங்கால் போனது. 2004-05 சீசன் நடுவில் கிளப் கோச்சை நீக்கிவிட்டு, காயத்தோடு உட்கார்ந்திருந்த 33 வயது எமெரியிடம் பொறுப்பைக் கொடுத்தது. நேற்றுவரை அதே டிரெஸ்ஸிங் ரூமில் அவர்களோடு சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர், இன்று யார் ஆடுவது யார் பெஞ்சில் என்று முடிவு செய்ய வேண்டும். நண்பர்களை வெளியே உட்கார வைக்க வேண்டும். இதில் தடுமாறிய ஆட்கள் நிறைய உண்டு. லோர்க்கா அந்த வருஷமே இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது, அடுத்த வருஷம் அங்கே 5ஆம் இடம், முதல் டிவிஷனுக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் முடித்தது. கிளப்பின் சரித்திரத்தில் அதற்கு முன் இப்படி எதுவும் நடந்ததில்லை.

இந்த இடம் ஏன் முக்கியம் என்றால், லோர்க்காவில் எமெரிக்குப் போட்டியாக வேறு யாருமில்லை. நட்சத்திரம் இல்லை, வீரர்களை வாங்கி விற்கும் விளையாட்டு இயக்குநர் என்று தனியாக ஒருவர் தலையில் உட்கார்ந்திருக்கவில்லை, உரிமையாளருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. அவர் சொல்வதுதான் நடக்கும். அந்தப் பழக்கம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது.

வீடியோ, வீடியோ, வீடியோ

2006இல் அல்மேரியா. முதல் சீசனிலேயே கிளப்பின் வரலாற்றில் முதல் முறையாக முதல் டிவிஷன், அடுத்த சீசன் அங்கே 8ஆம் இடம், போகிற போக்கில் சொந்த ஊரில் ரியல் மாட்ரிட்டை 2-0 என்று அனுப்பிவைத்ததும் உண்டு. இங்கேதான் அவருடைய முறை முழு உருவம் எடுக்கிறது. எதிரணியை வாரம் முழுக்கப் பிரித்து மேய்வது, ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனியாக வீடியோ வெட்டிக் கொடுப்பது, பயிற்சியை நடுவில் நிறுத்தி யார் எங்கே நிற்க வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் நிறுத்துவது, ஆட்டத்தின்போது கோட்டோரம் 90 நிமிஷமும் உட்காராமல் கையை ஆட்டிக்கொண்டே இருப்பது. வலென்சியாவில் இவரிடம் ஆடிய ஹோவாகின் பிறகு இதைச் சொல்லிச் சிரித்தார்: இவர் போட்ட வீடியோவுக்குப் பாப்கார்ன் தீர்ந்துபோய்விட்டதாம், இந்த ஆளுக்கு கால்பந்து ஒரு வியாதி மாதிரி என்றும் சொன்னார். இன்னொரு கதையும் ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. ஒரு வீரர் வீடியோக்களைப் பார்க்கிறாரா என்று சோதிக்க வெறும் பென்டிரைவைக் கொடுத்தாராம். மறுநாள் "பார்த்தேன் மிஸ்டர், நன்றாக இருந்தது" என்று பதில் வந்ததாம். (ஸ்பெயினில் கோச்சை "மிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள், இங்கிலீஷ்காரர்கள் பந்தைக் கொண்டுவந்த காலத்துப் பழக்கம்.)

கதையைக் கேட்டுச் சிரிக்கலாம், ஆனால் அதில் ஒரு சங்கதி இருக்கிறது. இந்த முறைக்கு வீரரின் ஒத்துழைப்பு வேண்டும். வெறும் திறமையை மைதானத்தில் விட்டு "நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லும் முறையில்லை இது. வீரர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், அலுப்பாக இருந்தாலும் செய்ய வேண்டும். ஏன் செய்வார்? செய்யாவிட்டால் இடம் போய்விடும் என்று தெரிந்தால் செய்வார். அல்லது, செய்தால் தன் ஆட்டம் ஒரு படி ஏறும், நாளைக்குப் பெரிய கிளப் வாங்கும் என்று நம்பினால் செய்வார். ஏற்கெனவே எல்லாம் சாதித்துவிட்ட ஒருவரிடம் இந்த இரண்டு பேச்சும் எடுபடாது.

வலென்சியாவில் 2008 முதல் 2012 வரை நான்கு சீசன். கிளப் கடனில் மூழ்கியிருந்தது, கட்ட ஆரம்பித்த புது மைதானம் 2009இல் வேலை நின்று எலும்புக்கூடாக நின்றுவிட்டது. கடனைக் கட்ட வீரர்களை விற்றார்கள்: 2010இல் டேவிட் வியா பார்சிலோனாவுக்கு, டேவிட் சில்வா மான்செஸ்டர் சிட்டிக்கு, 2011இல் ஹுவான் மாட்டா செல்சிக்கு. உலகக் கோப்பை ஜெயித்த அணியின் ஆட்கள் இவர்கள். இந்த நிலைமையிலும் எமெரி மூன்று வருஷம் தொடர்ந்து 3ஆம் இடம் கொடுத்தார். ஆனாலும் மெஸ்டாயா மைதானத்தில் விசில் அடித்து எதிர்ப்புக் காட்டியவர்கள் நிறைய. 2009-10இல் வலென்சியா 71 புள்ளி, இரண்டாம் இடத்து ரியல் மாட்ரிட் 96 புள்ளி. 25 புள்ளி பின்னால் வரும் 3ஆம் இடத்தை யாரும் கொண்டாட மாட்டார்கள், சரி. ஆனால் அது குவார்டியோலாவின் பார்சிலோனாவும் ரொனால்டோவை வாங்கிய மாட்ரிட்டும் எல்லாவற்றையும் வழித்தெடுத்த காலம், அந்த மூன்றாம் இடத்துக்கு மேலே ஏணியே கிடையாது. எமெரி போன பிறகு அடுத்த இரண்டு சீசன் வலென்சியா 5, 8 என்று இறங்கியது.

மாஸ்கோவைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். 2012 கோடையில் போனார், நவம்பரில் சொந்த மைதானத்தில் டைனமோவிடம் 5-1 வாங்கிய அன்றே நீக்கினார்கள். வாரம் முழுக்கப் பேசித் திருத்துவதே ஒருவருடைய முறை என்றால், அந்தப் பேச்சு மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போகும்போது என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு நல்ல உதாரணம்.

செவில்லா: மூன்று கோப்பை, ஒரு விசித்திரம்

2013 ஜனவரியில் செவில்லாவுக்கு வந்தபோது அணி பட்டியலின் நடுவில் கிடந்தது. அந்த சீசன் 9ஆம் இடம். 9ஆம் இடத்துக்கு ஐரோப்பியப் போட்டி கிடையாது, ஆனால் மேலே இருந்த மாலகாவுக்குத் தடை, ராயோ வயேகானோவுக்கு உரிமம் கிடைக்கவில்லை, அதனால் செவில்லாவுக்குக் கதவு திறந்தது. தகுதிச் சுற்றில் மான்டனீக்ரோவின் ஒரு சின்ன அணியோடு ஆகஸ்ட் மாத வெயிலில் ஆரம்பித்தார்கள். அங்கிருந்து கோப்பை வரை.

வழியில் நடந்ததைப் பார்த்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லத் தோன்றும். சொந்த ஊர் எதிரி பெத்திஸை பெனால்டியில் தாண்டினார்கள். அரையிறுதியில் தன் பழைய வலென்சியாவிடம் மெஸ்டாயாவில் 3-0 பின்தங்கி, 90 நிமிஷம் முடிந்து நடுவர் சேர்த்த நேரத்தின் 4ஆம் நிமிஷத்தில் ஸ்டெஃபான் எம்பியா தலையால் முட்டி உள்ளே போட்டார். வெளியூர் கோல் கணக்கில் (இரண்டு ஆட்டம் சேர்த்துச் சமம் என்றால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்ட அணி முன்னேறும் என்ற அன்றைய விதி) இறுதிப் போட்டி. 2014 மே 14, டூரின், பென்ஃபிகாவோடு 0-0, பெனால்டியில் 4-2. ஒரு வருஷம் இப்படி நடந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். அடுத்த வருஷம் வார்சாவில் உக்ரைனின் நிப்ரோவை 3-2. அதற்கடுத்த வருஷம் பாசலில் கிளாப்பின் லிவர்பூல்: இடைவேளையில் 1-0 பின்னால், இரண்டாம் பாதி ஆரம்பித்த 17 விநாடியில் கமெய்ரோ சமன் செய்தார், அப்புறம் கேப்டன் கோகே இரண்டு, 3-1. மூன்று வருஷம் தொடர்ந்து நடந்த பிறகு அதற்குப் பெயர் அதிர்ஷ்டமில்லை.

இத்தனைக்கும் ஒவ்வொரு கோடையிலும் அணி கலைந்தது. 2013இல் நவாஸ், நெக்ரெதோ சிட்டிக்கு. 2014இல் கேப்டன் ராகிடிச் பார்சிலோனாவுக்கு. 2015 இறுதிப் போட்டியில் இரண்டு கோல் அடித்த பாக்கா அதே கோடையில் மிலானுக்கு. விளையாட்டு இயக்குநர் மோன்சி இவர்களை விற்று, யாரும் கவனிக்காத ஆட்களை வாங்கி வந்து கொடுப்பார், எமெரி தேற்றி ஆடவைப்பார், மறுபடி விற்பார்கள். வருகிற ஒவ்வொருவரும் அடுத்த படிக்குப் போகத் துடிப்பவர்கள். வீடியோவை உட்கார்ந்து பார்ப்பார்கள். இங்கே எமெரிக்கு மேலே மோன்சி என்ற பலமான ஆள் இருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் வாங்குவது விற்பது அவர் வேலை, மைதானம் எமெரியின் வேலை என்ற கோடு தெளிவாக இருந்தது, அதை யாரும் தாண்டியதாகத் தெரியவில்லை.

விசித்திரம் என்று சொன்னேனே, அது 2015-16. ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்த அதே சீசனில் செவில்லா லா லிகாவில் வெளியூரில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 19 ஆட்டம், பூஜ்யம் வெற்றி. லீக்கில் 7ஆம் இடம். எமெரியின் ரசிகர்கள் இதை லேசில் எடுக்க மாட்டார்கள், ஆனால் என் கண்ணுக்கு இது பெரிய ஓட்டை. எதிரணிக்கு ஏற்ப ஆட்டத்தை வெட்டித் தைப்பவர், தோற்றால் வெளியே என்கிற நாக்அவுட்டில் இரண்டு ஆட்டத்துக்கு அபாரமாகத் தயாராகிறார். 38 வாரம் தினப்படி அதே தீவிரத்தோடு ஓட்ட முடிவதில்லை. பயணமும் வியாழக்கிழமை ஆட்டமும் அதில் பாதியைத் தின்றிருக்கும், ஆனாலும் 19இல் பூஜ்யம் என்பதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பாரிஸ்: யார் தலைவர்?

2016 கோடையில் பி.எஸ்.ஜி. கூப்பிட்டது. உள்நாட்டில் எல்லாம் ஜெயித்துச் சலித்த கிளப், ஐரோப்பாவின் முதல் நிலைக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் ஒன்றுதான் பாக்கி, நாக்அவுட் நிபுணரைக் கூட்டி வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். காகிதத்தில் சரியான கணக்கு.

வந்ததும் ஆட்டமுறையை மாற்றப் பார்த்தார். முந்தைய கோச் லோரோன் பிளான் காலத்தில் 4-3-3, பந்தை வைத்துக்கொண்டு பொறுமையாக ஆடுவது. எமெரி இரண்டு ஆளை நடுவில் போட்டு வேகமாக முன்னே போகும் 4-2-3-1 கேட்டார். மூத்த வீரர்களுக்குப் பிடிக்கவில்லை. சில வாரங்களில் பழைய முறைக்கே திரும்பினார். பாரிஸ் கதையின் முடிவு அந்த வாரங்களிலேயே எழுதப்பட்டுவிட்டது என்பேன். கோச் ஒன்று சொன்னார், நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் மாற்றிக்கொண்டார் என்பது டிரெஸ்ஸிங் ரூமில் ஒரு முறை பதிந்துவிட்டால் அப்புறம் அழிக்க முடியாது.

2017 பிப்ரவரி 14, சாம்பியன்ஸ் லீக் நாக்அவுட், பாரிஸில் பார்சிலோனாவை 4-0. அன்றைக்கு ஆடியது முழுக்க முழுக்க எமெரி அணி: மேலேறி அழுத்தி, புஸ்கெட்ஸை மூச்சுவிட விடாமல், தி மரியா இரண்டு, டிராக்ஸ்லர், கவானி. மூன்று வாரம் கழித்து மார்ச் 8, பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் இரண்டாவது ஆட்டம். பாரிஸ் தன் பெட்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. 62ஆம் நிமிஷம் கவானி ஒரு கோல் போட்டு 3-1 ஆனதும் பார்சிலோனா இன்னும் மூன்று போட வேண்டும் என்ற நிலை. 88ஆம் நிமிஷம் வரை அந்த மூன்றும் வரவில்லை. அப்புறம் நெய்மார் ஃப்ரீ கிக், நெய்மார் பெனால்டி, 95ஆம் நிமிஷம் செர்ஜி ரொபெர்தோ. 6-1. சுவாரெஸ் விழுந்து வாங்கிய அந்த பெனால்டி வி.ஏ.ஆர். (வீடியோ நடுவர்) காலத்தில் நின்றிருக்குமா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். ஆனால் ஏழு நிமிஷத்தில் மூன்று கோல் வாங்கியதற்கு நடுவர் மட்டும் காரணம் என்று சொன்னால் ஏற்க முடியாது. முன்னே ஏறுங்கள் என்று கோட்டோரம் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

அந்தக் கோடையில் கிளப் என்ன செய்தது? தன்னை உடைத்த நெய்மாரையே 222 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கியது, கூடவே எம்பாப்பே. செப்டம்பரில் லியோன் ஆட்டத்தில் பெனால்டி யார் அடிப்பது என்று நெய்மாரும் கவானியும் மைதானத்திலேயே இழுபறி. இதைத் தீர்ப்பது கோச்சின் வேலை. உலகமே பார்த்துக்கொண்டிருக்க அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும் என்கிற தொனியில்தான் எமெரியின் முதல் பதில் வந்தது. பின்னாளில் அவரே ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: ஒரு குழுவில் தான்தான் முக்கியப் புள்ளி என்பதும் இல்லை என்பதும் கோச்சுக்குத் தெரிந்துவிடும், மான்செஸ்டர் சிட்டியில் அது குவார்டியோலா, பாரிஸில் அது நெய்மார் என்று. இதைவிடத் தெளிவாக நான் இந்தக் கட்டுரையில் எதையும் சொல்லிவிட முடியாது.

இரண்டு வருஷத்தில் 7 கோப்பை என்பதையும் மறக்கக் கூடாது, அதில் 2018இல் பிரான்ஸ் லீக்கும் இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளும் அடக்கம். 2017இல் லீக்கை மொனாக்கோவிடம் விட்டார், அது பாரிஸில் பாவம். ஆனால் அந்த ஊரில் இதெல்லாம் யாரும் எண்ணுவதில்லை.

லண்டன்: ஆள் எடுத்தவர்களே போய்விட்டார்கள்

ஆர்சனலில் 22 வருஷம் வெங்கர் கோச்சாக இருந்த நாற்காலியில் 2018 மே மாதம் உட்கார்ந்தார். எந்த மனிதர் உட்கார்ந்திருந்தாலும் கஷ்டம்தான். ஆரம்பத்தில் இரண்டு தோல்வி, அப்புறம் எல்லாப் போட்டியும் சேர்த்து 22 ஆட்டம் தோல்வியே இல்லை. ரசிகர்கள் "பழைய ஆர்சனல் திரும்பியது" என்று பாட்டுப் பாடினார்கள். சீசன் முடிவில் ஒரே ஒரு புள்ளியில் சாம்பியன்ஸ் லீக் இடம் போனது (ஆர்சனல் 70, டாட்டன்ஹாம் 71), பாகூவில் யூரோப்பா இறுதி 4-1 என்று போனது.

இதற்கிடையில் மேல்மாடியில் நடந்ததைக் கவனியுங்கள். எமெரியைத் தேர்ந்தெடுத்த தலைமை நிர்வாகி கசீடிஸ் சில மாதங்களிலேயே மிலானுக்குப் போய்விட்டார். வீரர் தேர்வைப் பார்த்த மிஸ்லின்டாட் 2019 தொடக்கத்தில் வெளியேறினார். எமெரி வில்பிரட் சாஹாவைக் கேட்டார், கிளப் 72 மில்லியன் பவுண்டுக்கு நிக்கோலா பெப்பேயை வாங்கியது. அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் ஓசில் ஒரு வாரம் உள்ளே, ஒரு வாரம் வெளியே. ஐந்து கேப்டன் என்று ஒரு குழு. அதில் முதல் ஆள் யார் என்று முடிவு செய்ய வீரர்களிடமே வாக்கெடுப்பு. நடுவரிசை வீரர் கிரானித் சாகா ஜெயித்தார். ஒரே மாதத்தில், கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் மாற்றப்பட்டபோது சொந்த ரசிகர்களே கூச்சலிட, காதில் கை வைத்துக்காட்டி, சட்டையைக் கழற்றிக்கொண்டு நடந்தார். பத்து நாளில் கேப்டன் பதவி போனது.

இந்த வாக்கெடுப்புதான் எனக்கு லண்டன் காலத்தின் அடையாளம். வீடியோவை வெட்டி வெட்டி ஒவ்வொரு வீரரின் நிற்குமிடத்தையும் செ.மீ. கணக்கில் சொல்லும் மனிதர், கேப்டன் யார் என்பதை மட்டும் மற்றவர்களிடம் விடுகிறார். பாரிஸில் பட்ட சூடு காரணமாக இருக்கலாம். வீரர்களைப் பகைத்துக்கொள்ளாமல் ஓட்டிவிடலாம் என்று நினைத்திருக்கலாம். எதுவானாலும், 7 ஆட்டம் வெற்றியில்லாமல் போய் (1992க்குப் பிறகு கிளப்பின் மோசமான ஓட்டம்) ஃபிராங்க்ஃபர்ட்டிடம் சொந்த ஊரில் தோற்ற மறுநாள், 2019 நவம்பர் 29, கணக்கை முடித்தார்கள்.

அப்புறம் அந்த "குட் ஈவினிங்" கேலி. அவர் சொல்லும்போது "ஈபனிங்" என்று விழும், அதை வைத்து ஒரு வருஷம் ஓட்டினார்கள். மூன்று நாட்டில் மூன்று மொழியில் பிழைப்பு நடத்திய மனிதரை, சொந்த மொழி ஒன்றே தெரிந்தவர்கள் கேலி செய்தது. ஜெயித்திருந்தால் அதே உச்சரிப்பு செல்லமாகியிருக்கும். ஆனது என்பதைப் பின்னால் ஆஸ்டன் வில்லாவின் ஊரான பர்மிங்ஹாமில் பார்த்தோம்.

வில்லாரியல்

ஐம்பதாயிரம் சொச்சம் ஜனம் உள்ள ஊர், ஓடு செய்யும் தொழிற்சாலைகள், கிளப்பின் முதலாளி ரோயிக் குடும்பமும் அதே தொழில். 2020 கோடையில் எமெரி அங்கே போனபோது கிளப்பின் அலமாரியில் பெரிய கோப்பை ஒன்றுகூட இல்லை. முதல் வருஷமே யூரோப்பா லீக் அரையிறுதியில் தன்னை அனுப்பிய ஆர்சனலையே வெளியே தள்ளினார்கள். அப்போது ஆர்சனல் கோச் அர்தேதா, அவரும் பாஸ்க், அவரும் ஹோண்டரிபியாவிலிருந்து அதிகத் தூரமில்லாத சான் செபாஸ்தியன்காரர். இறுதிப் போட்டி 2021 மே 26, கிடான்ஸ்க், மான்செஸ்டர் யுனைடெட். ஜெரார்ட் மொரெனோ ஒன்று, கவானி ஒன்று, 1-1. பெனால்டி 21 வரை எல்லாரும் உள்ளே போட்டுவிட்டார்கள், கோல்கீப்பர் ரூல்லி உட்பட. 22ஆவது, எதிரணி கோல்கீப்பர் தே ஹெயா அடித்தது, ரூல்லி தடுத்தார். 11-10. லீக்கில் வழக்கமாக ஆடிய அசென்ஹோவைவிட்டு கோப்பை ஆட்டங்களுக்கு ரூல்லி என்று சீசன் முழுக்க வைத்திருந்த முடிவை இறுதிப் போட்டிக்காக மாற்றவில்லை. சின்ன விஷயம், ஆனால் அந்த அணியில் யார் சொல்வது நடந்தது என்பதைக் காட்டும்.

அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் லீக். டூரினில் யுவென்டஸை 3-0. பிறகு ஜெர்மனியின் பயர்ன்: வீட்டில் 1-0, மியூனிக்கில் 88ஆம் நிமிஷம் சுக்வுவேஸே கோல் போட்டு 1-1. அரையிறுதியில் லிவர்பூலிடம் 2-0 பின்னால் இருந்து இடைவேளைக்குள் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள், ஊர் முழுக்கக் கிறுக்குப் பிடித்த மாதிரி இருந்தது, இரண்டாம் பாதியில் மூன்று வாங்கி முடிந்தது. கோக்கலின், கபூவே, லோ செல்சோ, ஓரியே, ஃபாய்த் என்று இங்கிலாந்துக் கிளப்புகள் போதும் என்று விட்ட ஆட்கள் அந்த அணியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நடுவில், 2021 நவம்பரில், புதுப் பணம் வந்த நியூகாசில் கூப்பிட்டது. போகவில்லை.

ஆஸ்டன் வில்லா

2022 அக்டோபரில் வில்லா கோச் ஜெரார்டை நீக்கிவிட்டு, வில்லாரியலுக்கு விடுப்புத் தொகை கட்டி எமெரியை எடுத்தது. அணி கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும் பகுதிக்குக் கொஞ்சம் மேலே தத்தளித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டம் நவம்பர் 6, மான்செஸ்டர் யுனைடெட், 3-1. 1995க்குப் பிறகு வில்லா பார்க்கில் லீக்கில் யுனைடெட்டை ஜெயித்தது அதுதான் முதல் முறை. சீசன் முடிவில் 7ஆம் இடம். அடுத்த சீசன் 4ஆம் இடம், 68 புள்ளி. டிசம்பரில் மூன்று நாள் இடைவெளியில் சிட்டியையும் ஆர்சனலையும் 1-0, 1-0 என்று சாய்த்தார்கள், வீட்டில் தொடர்ச்சியாக 15 லீக் வெற்றி கிளப் சாதனை.

ஆட்டமுறை ரசிக்க வேண்டிய ஒன்று. கோல்கீப்பர் எமி மார்டினெஸும் பின்வரிசையில் பாவ் டோரெஸும் (வில்லாரியலிலிருந்து கூட்டி வந்தவர்) பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். தூண்டில் போட்டவன் தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பது போல. எதிரணி பொறுமை இழந்து முன்னே ஓடி வந்ததும் ஒரே பாஸில் அவர்களைத் தாண்டிவிடுவார்கள். பின்வரிசை நடுக்கோடு வரை ஏறி நிற்கும், எதிரணி ஆஃப்சைடில் சிக்கிக்கொண்டே இருக்கும், தப்பிவிட்டால் கோல்தான். எமெரி வருமுன் முன்வரிசை வீரர் ஓலி வாட்கின்ஸ் இரண்டு ஓரமும் ஓடித் தேய்ந்தவர். பெட்டியின் அகலத்தைவிட்டு வெளியே போகாதே என்றார். 2023-24இல் லீக்கில் 19 கோல், 13 கோலுக்கு உதவி. வாட்கின்ஸ் இதைப் பேட்டிகளில் சொல்லிச் சொல்லி நன்றி காட்டுகிறார்.

இதெல்லாம் லண்டனில் ஏன் வரவில்லை? மேல்மாடியைப் பாருங்கள். உரிமையாளர்கள் சவிரிஸும் ஈடன்ஸும் கிளப்பை அவரைச் சுற்றியே கட்டினார்கள். வலென்சியா நாட்களிலிருந்து தெரிந்த தாமியான் விதாகானி கூடவே வந்தார், 2023இல் மோன்சியும் வந்து சேர்ந்தார், முன்பிருந்த தலைமை நிர்வாகி பர்ஸ்லோ அதே கோடையில் கிளம்பினார். யார் வருவது, யார் போவது, பயிற்சிக்கூடத்தில் எது எங்கே என்பது வரை எமெரியைக் கேட்டுத்தான். லண்டனில் வாக்கெடுப்பு நடத்திய மனிதர் இங்கே அப்படி எதுவும் நடத்தவில்லை.

2024 அக்டோபர் 2 அன்று சாம்பியன்ஸ் லீக்கில் ஜான் துரானின் கோலில் பயர்னை 1-0. 1982இல் ராட்டர்டாமில் ஐரோப்பியக் கோப்பையை வில்லா ஜெயித்ததும் அதே அணியிடம் அதே கணக்கில்தான். 2025 ஏப்ரலில் காலிறுதி பி.எஸ்.ஜி.யோடு. எதிர் பெஞ்சில் லூயிஸ் என்ரிக்கே, அந்த 6-1 அன்று பார்சிலோனா கோச்சாக இருந்தவர். பாரிஸில் 3-1, வில்லா பார்க்கில் முதலில் 2-0 பின்னால், அப்புறம் டீலமன்ஸ், மெக்கின், கோன்சா என்று மூன்று, பி.எஸ்.ஜி. கோல்கீப்பர் டோனருமா மட்டும் இல்லையென்றால் நான்காவதும் விழுந்திருக்கும். மொத்தத்தில் 5-4. அந்த பி.எஸ்.ஜி. மே மாதம் கோப்பையை வாங்கியது.

இந்த அதிகாரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சம்பளச் செலவு ஏறி, நிதி விதிகளுக்காக 2024இல் டக்ளஸ் லூயிஸை விற்க வேண்டி வந்தது, அடுத்த ஜனவரியில் துரானையும். 2025 மே, லீக்கின் கடைசி நாள், மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட்: எமி மார்டினெஸுக்குச் சிவப்பு அட்டை, மோர்கன் ராஜர்ஸின் கோல் உள்ளே போவதற்கு முன்பே நடுவர் விசில் ஊதிவிட்டதால் வி.ஏ.ஆர். பார்க்கக்கூட வழியில்லை, 2-0 தோல்வி. நியூகாசிலும் வில்லாவும் 66 புள்ளி, கோல் வித்தியாசத்தில் சாம்பியன்ஸ் லீக் இடம் போனது. ஒரே மனிதரைச் சுற்றிக் கட்டிய கிளப்பில் இப்படிப்பட்ட ஒரு பிற்பகலின் விலை அதிகம், ஏனென்றால் அவருடைய திட்டத்துக்கு ஏற்பச் சம்பளம் எல்லாம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருக்கும்.

அவர் போன பிறகு என்ன மிஞ்சும் என்று சிலர் இப்போதே கவலைப்படுகிறார்கள். வலென்சியாவைக் காட்டிப் பயமுறுத்தலாம்தான். ஆனால் செவில்லா அவர் போன பிறகும் 2020இல் லோபெதேகியோடும் 2023இல் மெந்திலிபரோடும் அதே யூரோப்பா லீக்கை ஜெயித்தது. வில்லாரியலை அவர் சீசன் நடுவில் விட்டுவிட்டு வந்தார், சேதியேன் பொறுப்பேற்று அந்த சீசனை 5ஆம் இடத்தில் முடித்தார்.